கை கழுவாத நர்ஸ்

தமிழ்க் கதைகளில் வரும் நர்ஸுக்கு வயது ஏறுவதே இல்லை. பத்திரிகைச் சிறுகதையானாலும் சரி, தொடர்கதையானாலும் சரி, சினிமாவானாலும் சரி, அவளுக்கு என்றும் 22 வயதுதான். வெள்ளை உடை, தாழ்ந்த குரல், துயரம் படிந்த பெரிய கண்கள். பெரும்பாலும் தகப்பனில்லாத பெண்ணாக இருப்பாள். இல்லையென்றால் அநாதை விடுதியில் வளர்ந்தவளாக இருப்பாள். கதை தொடங்கும்போது அவள் ஒரு டாக்டரின் பின்னால் நடந்து வருவாள். முடியும்போது அந்த டாக்டரின் மனைவியாகியிருப்பாள், அல்லது அவனை இன்னொருத்திக்கு விட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள். இரண்டுக்கும் நடுவே அவள் என்ன வேலை செய்தாள் என்று கேட்டால், ஆசிரியருக்கும் தெரியாது, வாசகரும் கேட்பதில்லை.

40 வயதுக்கு மேல் ஒரு பெண் முதன்முதலாக நோயாளிகளைக் கவனிக்கும் தொழிலுக்குப் புறப்படுகிறாள் என்று தொடங்கும் ஒரு தமிழ் நாவலை நினைவுபடுத்திப் பாருங்கள். நம்முடைய பெயர் பெற்ற நாவல்களில் அப்படி ஒன்றும் கிடைக்காது. கிடைக்காததற்குக் காரணம் வாழ்க்கையில் அப்படிப்பட்ட பெண்கள் இல்லாதது அல்ல. இருக்கிறார்கள், நாம் அவர்களைக் கதைக்கு ஆகாதவர்கள் என்று முடிவு கட்டிவிட்டோம். இந்த முடிவு சரிதானா என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விசாரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சர்க்கார் காகிதங்களில் நர்ஸுக்குச் செவிலியர் என்று பெயர். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதி என்கிறார்கள். தாதி என்றால் பழைய வழக்கில் பணிப்பெண். ஆனால் செவிலி என்ற சொல்லுக்குள்ள கௌரவமே வேறு. சங்க அகப்பாட்டுகளில் பெற்ற தாய்க்கு நற்றாய் என்றும் வளர்த்த தாய்க்குச் செவிலி என்றும் பெயர். தலைவியின் தோழி இந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. அப்படியென்றால் செவிலி, வயதுக்கு வந்த ஒரு பெண்ணுக்குத் தாய், நடுவயது தாண்டியவள். தலைவி காதலனோடு போய்விட்டால் வெயில் காயும் பாலை வழியில் தேடிக்கொண்டு போகிறவள் அவள்தான். மணமான மகள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாய்க்குச் சொல்கிறவளும் அவள்தான். நடக்கிறவள், பார்க்கிறவள், பார்த்ததைத் திருத்தமாகச் சொல்கிறவள். நர்ஸ் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பெயரை அந்த முதிர்ந்த பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவளைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டோம் என்பதுதான் வேடிக்கை.

இத்தனைக்கும் தமிழ் நாவலும் தமிழ்நாட்டு நர்ஸ் தொழிலும் ஏறக்குறைய ஒரே தலைமுறைப் பிள்ளைகள். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879-ல். வேலூரில் ஐடா ஸ்கட்டர் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1909-ல். அதே இடத்தில் நர்ஸிங் பட்டப் படிப்பு வந்தது 1946-ல். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே வளர்ந்தன. ஆனாலும் ஒன்றை ஒன்று நன்றாகப் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியை உள்ளிருந்து அறிந்து எழுதியவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான திரிபுரசுந்தரி, 'லக்ஷ்மி' என்ற பெயரில் எத்தனையோ நாவல்கள் எழுதி, 1984-ல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். அவரளவுக்கு எல்லோரும் அறிந்த ஒரு நர்ஸ் நாவலாசிரியை நமக்கு இல்லை. டாக்டரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிவது ஒன்று. நோயாளியின் தலைமாட்டில் இரவு முழுவதும் நின்று பார்த்தால் தெரிவது வேறு. இரண்டாவது பார்வை தமிழில் இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது.

அந்த இடத்தைச் சினிமா நிரப்பிக்கொண்டது. 1961-ல் பீம்சிங் எடுத்த 'பாலும் பழமும்' படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சரோஜாதேவி நர்ஸாக வருகிறார், டாக்டரை மணக்கிறார், க்ஷயரோகம் வந்ததும் கணவனுடைய ஆராய்ச்சி கெட்டுவிடக் கூடாதென்று சொல்லாமல் போய்விடுகிறார், பிறகு கண்ணிழந்த அதே கணவனுக்கு வேறொரு பெயரில் நர்ஸாகவே வந்து பணிவிடை செய்கிறார். சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நம்மை அழவைத்த படம் அது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணத்தைக் கவனியுங்கள். மனைவியின் பணிவிடையும் நர்ஸின் பணிவிடையும் ஒன்றேதான், உடைதான் வேறு என்று அந்தக் கதை சொல்கிறது. அடுத்த ஆண்டு, 1962-ல், ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. கதை முழுவதும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் யாருடைய மனம் புண்பட்டது, யார் யாருக்காகத் தியாகம் செய்தார்கள் என்பதுதான் அங்கே கேஸ் ஷீட். வங்காளத்தில் 1959-ல் வந்த 'தீப் ஜ்வேலே ஜாய்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மனநோயாளியைக் குணப்படுத்துவதற்காக நர்ஸ் அவனைக் காதலிப்பதுபோல் நடிக்கிறாள். நடிப்பு நிஜமாகி, முடிவில் அவளே நோயாளியாகிவிடுகிறாள். சுசித்ரா சென்னின் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு 'காமோஷி' என்று அது ஹிந்திக்கும் போனபோது வஹீதா ரெஹ்மான் அந்தப் பாத்திரத்தை ஏற்றார்.

இந்த மூன்று படங்களிலும் ஆஸ்பத்திரியில் நோயைத் தீர்ப்பது அன்புதான், கைத்திறன் அல்ல. நர்ஸுக்குப் படிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம். மனசு இருந்தால் போதும். பார்ப்பதற்கு இது நர்ஸைப் புகழ்வதுபோல் இருக்கிறது. நின்று யோசித்தால், அவளுடைய தொழிலைத் தொழிலே அல்ல என்று சொல்வதுதான் இது. தச்சனைப் பற்றிக் கதை எழுதுகிறவர் உளியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், அவன் மரத்தின்மேல் வைத்த பாசத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா?

இந்த எண்ணம் எனக்குப் புத்தகங்களிலிருந்து கிடைத்ததல்ல. என் குடியிருப்புக்குப் பக்கத்தில் வசிக்கும் ஓர் அம்மாள் கொடுத்தது. நான் இருப்பது நெமிலிச்சேரியில். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே ஒரு சிறிய நிலையம். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை இங்கே குறுக்கே போவதால், இப்போது வெளியூர்க்காரர்களும் எங்கள் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்த அம்மாளின் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறவர். மாமியார் பக்கவாதத்தில் விழுந்து ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். ஒன்பது வருஷமும் பார்த்துக்கொண்டவர் இந்த அம்மாள். மாமியார் போன மறு வருஷம் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். சம்பளம் ஒன்று போதவில்லை. அப்போது இவருக்கு வயது 42. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். ஒன்பது வருஷம் செய்த வேலையைப் படித்தே செய்யலாமே என்று நர்ஸிங் டிப்ளமாவுக்கு விசாரிக்கப் போனார். பெயரைக் கேட்டார்கள், வயதைக் கேட்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டார். பிறகு ஒரு சிறு நர்ஸிங் ஹோமில் துணையாளாகச் சேர்ந்து, ஒரு குறுகிய பயிற்சியும் பெற்று, இப்போது வீடுகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரவில் பார்த்துக்கொள்ளப் போகிறார். ஊரார் ஹோம் நர்ஸ் என்கிறார்கள். அவர் ஒப்புக்கொள்வதில்லை. "என்னை நர்ஸுன்னு சொல்லாதீங்க ஸார். நர்ஸுன்னா படிச்சிருக்கணும். நான் பார்த்துக்கிறவ, அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் வீட்டிலிருந்து பத்திரிகைகள் வாங்கிப் போவார். இரவு வேலையில் கண் விழித்திருக்க அவை உதவுமாம். ஒரு முறை ஒரு கதையைப் படித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கதை. நன்றாக எழுதப்பட்ட கதைதான்; காதலும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது ஸார். ஆனா அந்த நர்ஸம்மா கடைசி வரைக்கும் ஒரு தடவைகூடக் கையைக் கழுவலையே" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அது அவரை உறுத்தியிருக்கிறது. நான் படித்திருக்கும் விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒரு வாக்கியம் அதிகம் இல்லை. ஒரு தொழிலை அறிந்தவரின் கண் எங்கே போய் நிற்கும் என்பதை அது காட்டுகிறது. வியன்னாவில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் நுழைவதற்கு முன் கையைக் கழுவுங்கள் என்று 1847-ல் சொல்லி, சொன்னதற்காக அவமானப்பட்டார். அடிக்கடி கை கழுவ வேண்டும் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நர்ஸ்களுக்கான தமது நூலில் எழுதிவைத்தார். நோயாளியின் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கும் செயல் அது. நம்முடைய கதாநாயகி அதைச் செய்வதே இல்லை. அவள் கை, டாக்டரின் கையோடு தற்செயலாக உரசுவதற்காக மட்டுமே படைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அம்மாளை வாசலிலேயே திருப்பி அனுப்பிய வயது வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் கதைகளின் வரம்பும் அதுவேதான். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த விதிகளில் மூன்று ஆண்டு ஜெனரல் நர்ஸிங் டிப்ளமாவுக்குச் சேர 17 வயதுக்குக் குறையாமலும் 35-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. முன்னமே துணைச் செவிலியராகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் வயது வரம்பு இல்லை. ஆனால் அந்தத் துணைச் செவிலியர் பயிற்சிக்கும் 35-தான் எல்லை. ஆக, 36-வது வயதில் நினைத்துக்கொண்டவளுக்கு இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது.

இந்த 35 எங்கிருந்து வந்தது? 1860-ல் லண்டன் ஸெயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, சேர விரும்பும் பெண்களுக்கு 25 முதல் 35 வரை வயது விரும்பத்தக்கது என்று குறித்தார்கள். அதற்குப் பின்னணியில் ஓர் இலக்கியச் செய்தியும் உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1843-44-ல், டிக்கன்ஸ் எழுதிய 'மார்ட்டின் சஸல்விட்' நாவலில் சாய்ரி காம்ப் என்று ஒரு கிழட்டு நர்ஸ் வருகிறாள். பருத்த உடம்பு, ஜின் வாடை, நோயாளியின் தலையணையை உருவித் தன் தலைக்கு வைத்துக்கொள்ளும் சுபாவம். வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தப் பாத்திரம் அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. வயதான கூலி நர்ஸ் என்றால் குடிகாரி, அழுக்கு என்று ஆயிற்று. புதிய நர்ஸ் இளையவளாக, துலக்கமானவளாக, சொன்னபடி கேட்கிறவளாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு நாவல் பாத்திரத்துக்கு அவ்வளவு சக்தி உண்டு. கதைதானே, போனால் போகிறது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே 35-ஐ இன்னொரு தேசத்தில் நேர் தலைகீழாகப் பிடித்தார்கள். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வட பகுதிப் படையின் நர்ஸ்களுக்குத் தலைவியாக நியமிக்கப்பட்ட டாரதியா டிக்ஸ், 35 வயதுக்குக் குறைந்தவர்கள் வேண்டாம் என்றார். 35 முதல் 50 வரை. அதுவும் பார்வைக்கு எளிமையாக, நகை நட்டில்லாமல் வர வேண்டும். காயம்பட்ட சிப்பாய்களின் நடுவே சின்னப் பெண்களை விட அந்த அம்மையாருக்கு மனமில்லை. ஓர் இடத்தில் மூடுகிற வயதில் இன்னோர் இடத்தில் கதவு திறந்தது. ஆகையால் 35 என்பது இயற்கை போட்ட கோடு அல்ல. மனிதர்கள் தங்கள் தங்கள் பயத்துக்குத் தக்கபடி போட்ட கோடு.

கோட்டைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. அந்தப் போரில் பேர் பெற்ற க்ளாரா பார்ட்டன், பள்ளி ஆசிரியையாக இருந்து, காப்புரிமை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, 39-வது வயதில் காயம்பட்டவர்களிடம் வந்து சேர்ந்தார். பாரதியார் வாயிலாக நாம் அறிந்துகொண்ட கவி வால்ட் விட்மன், காயம்பட்ட தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் போர்முனைக்குப் போனபோது அவருக்கு வயது 43. தம்பிக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் விட்மன் வீடு திரும்பவில்லை. வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளிலேயே தங்கிவிட்டார். பழமும் புகையிலையும் கொண்டுபோய்க் கொடுத்தார். சிப்பாய்களுக்காக அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். புண் கட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்றார். ஜமெய்க்காவில் பிறந்த மேரி ஸீகோல், லண்டனில் அதிகாரிகள் வேண்டாமென்று அனுப்பிய பிறகும், சொந்தச் செலவில் 1855-ல் கிரிமியப் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது 50-ஐ நெருங்கியிருந்தார். நம் நாட்டில் சாவித்திரிபாய் ஃபுலே, 1897-ல் புனேயில் பிளேக் பரவியபோது, 66 வயதில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இறங்கி, அந்த நோயிலேயே மார்ச் 10-ந் தேதி உயிர் விட்டார். பெண் கல்விக்காகச் சாணி அடிபட்டவர் என்று அவரைத் தெரிந்த அளவுக்கு, அந்தக் கடைசி மாதங்களை நாம் தெரிந்துகொள்ளவில்லை.

இவர்களெல்லாம் பெரியவர்கள், அசாதாரணமானவர்கள் என்று தள்ளிவிடலாம். சரி, சாதாரணமானவர்களைப் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாக ஆட்கள் போக வேண்டும். போகிறவர்கள் யார்? சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். குடும்பம் நடத்துகிற, பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள். அவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர். நர்ஸ் என்று பெயரில்லை. 2024-ல் ஐக்கிய நாடுகளின் விருது ஒன்று இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. சிங்கப்பூரில் வேறு தொழிலில் இருப்பவர்கள் நடுவயதில் பதிவு பெற்ற தாதியாக மாறுவதற்கென்றே 2003-லிருந்து ஒரு பயிற்சித் திட்டம் நடக்கிறது. அங்கே முன்வாசல் வழியாக அழைக்கிறார்கள்; இங்கே கொல்லைப்புறம் வழியாக. இரண்டு வழியிலும் வருகிறவள் நடுவயதுப் பெண்தான். கதை எழுதுகிறவனுக்கு மட்டும் அவள் கண்ணில் படுவதில்லை.

ஏன் படுவதில்லை? நம்முடைய நாவல், பெண்ணின் வாழ்க்கையை ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்குச் சுருக்கி வைத்திருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குக் கதை உண்டு. கல்யாணம் கசந்தால் இன்னும் கொஞ்சம் கதை உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் அவள் அம்மாவாகி, மாமியாராகி, இன்னொருத்தியின் கதையில் வந்து போகும் துணைப் பாத்திரமாகிவிடுகிறாள். அப்படி ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டவள் எழுந்து, "எனக்கு ஒரு தொழில் வேண்டும்" என்று கேட்டால் ஆசிரியர் திகைத்துப் போகிறார். அதிலும் நர்ஸ் தொழில்! முன்பின் தெரியாத ஆடவன் உடம்பைத் தொட வேண்டும். மலம், மூத்திரம், சீழ் எல்லாம் எடுக்க வேண்டும். இரவில் வெளியே தங்க வேண்டும். தீட்டு என்றும் மானம் என்றும் நம் சமூகம் எதையெதை ஒதுக்கி வைத்ததோ, அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிற தொழில் அது. குடும்ப ஸ்திரீயை அங்கே அனுப்பக் கதாசிரியர்கள் கூசினார்கள். அதனால்தான் நர்ஸை அநாதையாக்கினார்கள். கேட்க ஆளில்லாத பெண் எங்கே போனால் என்ன?

ஆனால் கலைஞனுக்கு வேண்டிய விஷயம் இந்தக் கூச்சத்தில்தானே இருக்கிறது! 44 வயதில் ஒருத்தி இந்தத் தொழிலுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவள் 23 வயதுப் பெண். தன் மகளைவிடச் சற்றே பெரியவள். அவளை 'ஸிஸ்டர்' என்று கூப்பிட வேண்டும், அவள் "என்னம்மா, இதுகூடத் தெரியலையா?" என்று கேட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பாமலே அடியில் விரிப்பை மாற்ற வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வைத்துவிடும். குடித்த தண்ணீருக்கும் போன மூத்திரத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். முழங்கால் வலிக்கிறது. கண்ணாடி இல்லாமல் மருந்துப் புட்டியின் எழுத்து தெரியவில்லை. முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது, அது தன் கைக்கு வந்த முதல் சம்பளம் என்று அவளுக்கு நினைவு வருகிறது. வீட்டில் கணவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறான். இதற்குமேல் ஒரு நாவலாசிரியனுக்கு என்ன வேண்டும்? காதல் காட்சி வேண்டுமென்றால், அந்தச் சைக்கிள் சவாரியே போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதை நான் சொல்வதைவிட அந்த அம்மாளே சொல்லட்டும். சொந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டதற்கும் இப்போது அந்நியர்களைப் பார்த்துக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டேன். "மாமியாருக்குச் செய்யறப்போ கோபம் வரும் ஸார். ராத்திரி மூணு மணிக்குக் கூப்பிட்டா, சாகவும் மாட்டேங்குதேன்னுகூடத் தோணும். அப்புறம் அதை நெனச்சு அழுவேன். இங்கே கோபம் வர்றதில்லே. வரக் கூடாதுன்னுதானே சம்பளம் குடுக்கிறாங்க" என்றார்.

நம் சினிமாவும் கதைகளும் 60 வருஷமாகச் சொல்லிவந்த பாடத்தை இந்த ஒரு பதில் கவிழ்த்துவிடுகிறது. அன்புதான் நர்ஸின் மருந்து என்று அவை சொல்லின. அன்போடு சேர்ந்து கோபமும் வரும், கசப்பும் வரும், அதனால் கை நடுங்கும் என்று இவருக்குத் தெரியும். சொந்தக்காரரின் அன்பு இல்லாமலே ஒருவரைச் சுத்தமாக, வலிக்காமல், மரியாதையாகப் பார்த்துக்கொள்ள முடியும். அதற்குப் பெயர்தான் தொழில். இரண்டையும் செய்து பார்த்தவளுக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும். 22 வயதில் நேரே வார்டுக்குள் வந்தவளுக்கு இதைத் தெரிந்துகொள்ளச் சந்தர்ப்பமில்லை. நடுவயதில் தொடங்குகிறவள் இலக்கியத்துக்குக் கொண்டுவரும் சரக்கு இது. இதை விட்டுவிட்டு அவளுடைய தியாகத்தை மட்டும் எழுதினால், இருக்கிற நெல்லை விட்டுவிட்டு உமியை அளப்பதாகும்.

இலக்கியம் என்ன, வேலை வாய்ப்பு ஆபீஸா, எல்லாத் தொழிலுக்கும் இடம் ஒதுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொழிலின் விவரங்களை அடுக்கினால் நாவலாகிவிடாது. சுகாதார இலாகாவின் துண்டுப் பிரசுரமாகிவிடும் ஆபத்து நிச்சயமாக உண்டு. நான் கேட்பது விவரப் பட்டியலை அல்ல. பாத்திரத்தின் கை என்ன செய்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறேன். கை செய்வது தெரிந்தால்தான் மனம் நினைப்பது பிடிபடும். 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' படத்தில், பம்பாயில் வேலை செய்யும் மலையாள நர்ஸ்களை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். வேலை, ரயில், சமையல், தூக்கமின்மை என்று நாள் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குள்ளிருந்தே துக்கம் தலை காட்டுகிறது. மூத்தவளான பிரபாவுக்கு, கணவன் எங்கோ வெளிநாட்டில். அவள் யாருக்காகவும் ஜன்னலோரம் நின்று தியாகம் செய்வதில்லை. அவளைப்போல் ஒருத்தியைத் தமிழில் எழுதுவதற்கு நாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

எங்கள் நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையம் திருநின்றவூர். பூசலார் நாயனார் பிறந்த ஊர். கையில் பொருளில்லாததால் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகச் சிவனுக்குக் கோயில் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்றளி கட்டிய அரசன் கனவில் இறைவன் தோன்றி, நாளைக்குப் பூசலார் கோயிலில் எழுந்தருள வேண்டும், உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை என்றான் என்பது பெரிய புராணக் கதை. அருமையான கதை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பூசலார் நினைவுதான் வரும். ஆனால் இந்தக் கதையை நாம் பெண்கள் விஷயத்தில் தவறாகப் பயன்படுத்திக்கொள்கிறோமோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. படிக்க ஆசைப்பட்டாயா? மனசில் படித்துக்கொள். தொழில் செய்ய ஆசைப்பட்டாயா? வீட்டுக்குள்ளேயே சேவை செய், அதுவும் தொழில்தான். மனக்கோயில் போதாதா என்கிறோம். பூசலாருக்காக அரசன் தன் நாளைத் தள்ளி வைத்தான். நாம் எதைத் தள்ளி வைத்தோம்? வயது வரம்பைக்கூடத் தள்ளி வைக்கவில்லை.

வயது வரம்பை மாற்றுவது சர்க்காரின் வேலை; அதை அவர்களிடம் கேட்க வேண்டிய விதத்தில் கேட்க வேண்டும். கதையிலுள்ள வயது வரம்பு நம் கையில் இருக்கிறது. சாய்ரி காம்ப் என்ற ஒரு கற்பனைக் கிழவியை வைத்து டிக்கன்ஸ் ஒரு தொழிலின் வயதான பெண்களையெல்லாம் உலகத்தின் நகைப்புக்கு ஆளாக்கினார். அதற்கு எதிராக ஒரு செவிலியைத் தமிழில் நிறுத்தலாம்: சங்கப் பாட்டுகளில் பாலை வழியில் நடந்தவளின் வயதில், இரவு வேலைக்கு ரயிலேறுகிற ஒருத்தியை. அவளை அழகியாக்க வேண்டாம், தெய்வமாக்கவும் வேண்டாம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் குழாயடியில் நின்று சோப்புப் போட்டு அவள் கையைக் கழுவட்டும். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு, மேற்கொண்டு கதையை நடத்துங்கள்.